சிவப்பு முதலில் சாகும்

கடலுக்குள் இறங்கும் வெளிச்சத்தில்
சிவப்பு முதலில் சாகும்.
மூன்று ஆள் ஆழத்தில் அதன் கதை முடிந்துவிடும்.
பச்சை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.
நீலம்தான் அடிவரை போய்
மணலைத் தொட்டுத் திரும்பி
எழுநூறு கிலோமீட்டர் மேலேறி
எனக்குச் சேதி சொல்லும்.
முப்பத்தோரு வருஷம்
அந்தச் சேதியைப் படித்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

ஓய்வுப் படிவத்தில்
‘பணியின் சுருக்கம்’ என்று
ஒற்றை வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

நான் இஷிகாக்கித் தீவுக்கு வந்தபோது
ஒரு படத்துக்கு ஒரு காந்த நாடா,
சாப்பாட்டுத் தட்டு அகலத்தில்,
டோக்கியோவிலிருந்து கப்பலில் வரும்.
பத்தில் ஏழு வெறும் மேகம்.
மிச்சத்தில் ஒன்றிரண்டில்
சூரியன் தண்ணீரில் முகம் பார்த்துவிட்டுப்
பளீரென்று எல்லாவற்றையும் அழித்திருக்கும்.
தப்பி வந்த படத்தில்
ஒரு சதுரம் முப்பது மீட்டர்.
அதற்குள் கிளைப் பவளம், கிளிமீன் கூட்டம்,
ஷின்மோரி ஸெய்கியின் படகு,
படகு நுனியில் அவர் காயப்போட்ட சட்டை,
எல்லாம் கரைந்து ஒரே எண்.
நாற்பத்திரண்டு.

தொண்ணூற்றெட்டு, செப்டம்பர்.
கலக்கிக் குளிர்விக்கப் புயல் வராத கோடை.
ஷிராஹோ பக்கத்துச் சதுரங்கள்
திரையில் ஒவ்வொன்றாக எழும்பின.
நாற்பத்திரண்டு ஐம்பத்தொன்பது ஆயிற்று.
வெளுத்த பவளம் வெளிச்சத்தைத் திருப்பி எறியும்,
விண்ணிலிருந்தே அது தெரியும் என்று
நாலு வருஷம் முன்பே எழுதியிருந்தேன்,
ஒருவரும் நம்பவில்லை.
நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கத்தினேன்:
“தெரிகிறது! தெரிகிறது!”
பக்கத்து அறையில் கைதட்டினார்கள்.
யாரோ ஓடிப்போய் பீர் வாங்கி வந்தார்கள்.
இரண்டாவது கோப்பையில்தான்
எனக்கு உறைத்தது.
இழவு வீட்டில் கைதட்டியிருக்கிறோம்.

இரண்டு வருஷம் கழித்து எண் இறங்கியது.
நாற்பத்தொன்று.
‘மீட்சி’ என்று எழுதினேன்.
வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை பூசினேன்.
மாவட்ட அலுவலகம் அதைப் பெரிதாக அச்சடித்து
படகுத்துறைச் சுவரில் ஒட்டியது.

ஸெய்கி அதன் முன் வெகுநேரம் நின்றார்.
பிறகு என்னைப் பார்த்து
“ஏறு” என்றார்.

ஒமோட்டோ மலையின் தோளையும்
கலங்கரை விளக்கையும் ஒரே கோட்டில் நிறுத்தி
என் சதுரத்தின் நடுவே நங்கூரம் போட்டார்.
இறங்கினேன்.
எண் பொய் சொல்லவில்லை. இருட்டாகத்தான் இருந்தது.
கிளைகள் நின்றவாக்கில் நின்றன,
பழுப்புப் பாசி போர்த்திக்கொண்டு.
தொட்டேன், பொடிந்தது.
அன்னாசித் தோட்டத்துச் செம்மண்
மழையோடு வந்து
இடுக்கெல்லாம் குந்தியிருந்தது.
சிவப்பு சாகும் ஆழத்தில் சிவப்பு மண்,
அங்கே அது கறுப்பாகத் தெரிந்தது.

உயிருள்ள பவளம் கருமை.
பாசி போர்த்திய பிணமும் கருமை.
அவ்வளவு உயரத்திலிருந்து
இரண்டுக்கும் ஒரே எண்.

முகமூடியைக் கழற்றினேன்.
ஸெய்கி குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொடுத்தார்.
“மேலேயிருந்து பார்த்தால்
எங்கள் கல்லறையும் வீடு மாதிரிதான் இருக்கும்.”
இந்தத் தீவில் கல்லறைகள் வீட்டளவு.
வேடிக்கையாகத்தான் சொன்னார்.
நான் தேநீரைக் கடலில் கொட்டிவிட்டேன்.

பிறகு ஒரு திருத்தக் கடிதம்.
இரண்டு பத்தி.
நான் எழுதியதிலேயே யாரும் மேற்கோள் காட்டாதது அதுதான்.
சுவரில் ஒட்டிய படத்தை
நானே இரவில் போய்க் கிழித்தேன்,
பசை நகக்கண்ணில் மூன்று நாள் இருந்தது.
அதற்குப் பின்
ஒரு படத்துக்கு நாற்பது முறை மூழ்குவது என்று
எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.
இடது காது அதில் போயிற்று.
கணவர் அந்தப் பக்கம்தான் உட்காருவார்,
சௌகரியம் என்பார்.

இப்போது படங்கள் தினமும் கைப்பேசிக்கே வருகின்றன.
சதுரம் மூன்று மீட்டர்.
படகைக்கூட அரிசிமணியாகப் பார்க்கலாம்.
ஸெய்கிக்குக் காட்டினேன்.
“சட்டை எங்கே?” என்றார்.

போன வாரம் அதே இடம் நாற்பத்தைந்து.
பவளமா, பாசியா, எண்ணுக்குத் தெரியாது.
ஸெய்கிக்கு எழுபத்தெட்டு. முழங்கால் மடங்குவதில்லை.
படகு இப்போது மகள் மிட்சுயோவுடையது,
வாடகையை முன்னாலேயே எண்ணி வாங்கிக்கொள்வாள்.
நாளைக்கு வற்றம் ஐந்தரைக்கு.
படிவத்தை மடித்து
நனையாத பைக்குள் வைத்திருக்கிறேன்.